பிரியாணி செலவு கணக்குல ஏறுது... சாப்பிட்ட ஆள் பெயர் ஏறுதா?

சிவகாசி: ஆயுத பூஜைக்கு பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்ஸ். தீபாவளிக்கு முந்தைய பட்டுவாடா அன்னிக்கு போனசோட ஒரு சேலை, வேட்டி. கை தாராளமான முதலாளி என்றால் மட்டன் பிரியாணி. விருதுநகர் மாவட்டத்து பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளிக்கு 'கம்பெனி பார்ட்டி' என்றால் இதுதான். ஸ்டார் ஓட்டலும் டான்சும் சென்னை, பெங்களூரு ஐ.டி. கம்பெனி சமாச்சாரம்.

ஓசியில் கொடுக்கிற இந்த பிரியாணிக்கும் வரி உண்டா என்று கேட்டால், ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது.

பக்கத்து சிவகங்கை தொகுதி எம்.பி.யான ப.சிதம்பரம் நிதி அமைச்சராக இருந்தபோது, 2005 பட்ஜெட்டில் 'பிரிஞ்ச் பெனிபிட் டாக்ஸ்' என்ற சலுகை வரியைக் கொண்டுவந்தார். சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, விருந்து, கிளப், பரிசு என்று வேறு வழியில் ஊழியருக்கு அள்ளிக் கொடுத்து வரியைத் தப்பிக்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். வரியைக் கட்ட வேண்டியவர் முதலாளி.

கணக்கு இப்படித்தான். பண்டிகைக் கொண்டாட்டத்துக்கு ஒரு கம்பெனி ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால், அதில் பாதி, அதாவது 50 ஆயிரம் 'சலுகை' என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அதுக்கு 30 சதவீதம் வரி. 15 ஆயிரம் போச்சு. செஸ் தனி. 2008-ல் அந்தப் பாதியை 20 சதவீதமாகக் குறைத்ததும் வரி 6 ஆயிரமாக இறங்கியது. ஒருவரே தனி முதலாளியாக நடத்தும் தொழிலுக்கு இந்த வரி கிடையாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து பார்ட்னர்ஷிப் போட்டிருந்தால் மாட்டிக்கொண்டார்கள்!

கணக்குப்பிள்ளைகளின் தலைவலி 2009-ல் தீர்ந்தது. ஜூலை 6-ம் தேதி பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி அந்த வரியை ஒழித்தார்.

இப்போ என்ன நிலைமை?

தொழிலாளிகளுக்கு வைக்கும் விருந்து, தொழிலுக்கான செலவு. நியாயமான பில் இருந்தால் லாபத்தில் இருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் சமையல் மாஸ்டருக்கு ஒரே நாளில் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் நிற்காது. பேங்க் வழியாகத்தான் போக வேண்டும். சாப்பாட்டு பில்லில் கட்டிய ஜி.எஸ்.டி.யை, பட்டாசு விற்ற ஜி.எஸ்.டி.யில் கழிக்கவும் முடியாது.

வாங்குகிறவர் பக்கம்? 1961 வருமான வரிச் சட்டத்தின் விதிகளில், வருஷத்துக்கு 5 ஆயிரம் ரூபாய்க்குள் பொருளாக வரும் பரிசுக்கு வரி இல்லை என்று இருந்தது. பணமாகக் கொடுத்தால் அது சம்பளம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் நிறைவேறியது. அதன் அமல் தேதி 2026 ஏப்ரல் 1. இந்த மாற்றமெல்லாம் ஆலைத் தொழிலாளியைத் தொடப்போவதில்லை. தினம் ஆயிரம் ரூபாய் வீதம் 300 நாள் வேலை பார்த்தாலும் வருஷத்துக்கு 3 லட்சம்தான். 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கே வரி இல்லை என்று ஆனது. ஆகவே, "உன் போனசுல இன்கம் டாக்ஸ் புடிச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் பிடித்தார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

தலைக்கணக்கு

இந்தப் பகுதியில் வரியை விடப் பெரிய விவகாரம் ஒன்று இருக்கிறது. அது ஆள் கணக்கு.

இங்கிலாந்தில் கம்பெனி விருந்துக்கு வருஷத்துக்கு தலைக்கு 150 பவுண்ட் வரை வரி கிடையாது. ஒரு பென்னி தாண்டினாலும் மொத்தத்துக்கும் வரி. அதோடு, விருந்து எல்லா ஊழியருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். மேனேஜர்கள் மட்டும் கூடிச் சாப்பிட்டால் சலுகை இல்லை. அதாவது, எத்தனை தலை என்று எண்ணாமல் அங்கே கணக்கே எழுத முடியாது.

நம்ம ஊரில் எண்ணினால் என்ன ஆகும்? ஒரு பேச்சுக்கு, ஆலைப் பதிவேட்டில் 60 பேர். வாங்கிய ஸ்வீட் பாக்ஸ் 150. பில்லும் பக்காவாக இருக்கிறது. மிச்சம் 90 பாக்ஸ் யார் வீட்டுக்குப் போச்சு? பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று உரிமத்திலேயே வரம்பு உண்டு. அதை மீறி ஆள் வைத்ததும், அறைகளை உள்குத்தகைக்கு விட்டதும் வெடி விபத்து நடந்த பிறகுதான் வெளியே வருகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் அளவுக்கு பலியானபோதும் உள்குத்தகைப் பேச்சு வந்தது. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியானபோதும் அதே கதை வந்தது.

உள்குத்தகைக்காரரிடம் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்ப்பவருக்கு ஆயுத பூஜை ஸ்வீட் கிடைத்துவிடும். அதில் முதலாளிமார் குறை வைப்பதில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு இ.எஸ்.ஐ. எண் இல்லை. போனசும் யார் தயவையோ பொறுத்தது. விபத்தில் போய்விட்டால், அங்கேதான் வேலை பார்த்தார் என்று நிரூபிக்கவே குடும்பம் அலைய வேண்டும்.

பீஸ் ரேட் என்பதற்காக போனஸ் கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. கணக்கு வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போனஸ் கேட்கலாம். குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 1965 போனஸ் சட்டத்தில் இருந்த இந்த அளவு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. சேலையும் பிரியாணியும் இதில் சேராது. அது தனி, இது தனி.

பட்டுவாடா அன்னிக்கு கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார்கள். அது கம்பெனிப் பேரேடா, குத்தகைக்காரரின் சிட்டை நோட்டா என்று பார்த்துவிட்டுப் போடுங்க.