ஒரே நாட்டில் 300 மடங்கு டி.பி.!

கப்பல் வந்து நின்றது. கரையில் இருந்த ஆண், பெண், குழந்தை எல்லோரையும் மேலே ஏற்றி 'எக்ஸ்ரே' எடுத்தார்கள். டி.பி. என்று தெரிந்தவர்களைக் கீழே இறங்க விடவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக்கூட அனுமதி இல்லை. கப்பல் புறப்பட்டு விட்டது.

கனடா நாட்டின் வடகோடியில் 1950-களில் நடந்தது இது. கப்பலின் பெயர் 'சி.டி.ஹோவ்'. ஏற்றிப் போனது இனுயிட் மக்களை. எஸ்கிமோ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்களேதான். (அந்தப் பெயர் அவர்களில் பலருக்குப் பிடிக்காது.) 1956-ல் ஏழு பேருக்கு ஒருவர் வீதம் தெற்கே டி.பி. ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று வீட்டுக்குத் தகவல்கூடப் போகவில்லை.

2019 மார்ச் 8-ந்தேதி அப்போதைய பிரதமர் ட்ரூடோ அந்தப் பகுதிக்கே போய் மன்னிப்பு கேட்டார். பழைய கதை, முடிந்து போச்சு என்று நினைத்தால் அதுதான் இல்லை!

2016 கணக்கைப் பாருங்கள். இனுயிட் மக்களில் லட்சத்துக்கு 170 பேருக்கு டி.பி. கனடாவிலேயே பிறந்த, பழங்குடி அல்லாதவர்களில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. கிட்டத்தட்ட 300 மடங்கு வித்தியாசம்!

"அவங்க உடம்பு வாகு அப்படி" என்று சமாதானம் சொல்வது சுத்த அபத்தம். டி.பி. கிருமி நிறம் பார்த்து ஒட்டுவதில்லை. இருமலில் கிளம்பி அறைக் காற்றில் மிதக்கிறது. வெளியே உறைபனி, ஜன்னலைத் திறக்க முடியாது. உள்ளே இடம் போதாமல் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். ஒருவர் இருமினால் அத்தனை பேருக்கும் ஆபத்து. இனுயிட் பகுதியில் பாதிப் பேருக்கு மேல் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தார்கள் என்று 2016 குடிக்கணக்கு சொல்கிறது.

நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள். ஊருக்கு ஊர் ரோடு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் விமானம்தான். பங்னிர்துங் என்ற சின்ன ஊரில் 2021 நவம்பரில்கூட டி.பி. பரவுவதாக அறிவித்தார்கள்.

ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற வியாதி இது. 2025-க்குள் பாதியாகக் குறைப்போம், 2030-க்குள் ஒழிப்போம் என்று 2018-ல் கனடா சர்க்கார் வாக்கு கொடுத்தது. மாத்திரையை மட்டும் விமானத்தில் அனுப்பினால் போதாது. குணமானவர் மறுபடி அதே நெருக்கடி அறையில்தானே போய்ப் படுக்க வேண்டும்? வீடு கட்டும் பணத்தை முதலில் ஒதுக்கட்டும்.