மண்டபம் முதல் அஷ்ரஃப் இறங்குதுறை வரை: படகில் வந்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பதில் என்ன?

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. முதல் நாள் முள்ளிவாய்க்கால் கடலில் தென்பட்ட ரோஹிங்யா அகதிகளின் படகு, திருகோணமலை அஷ்ரஃப் இறங்குதுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சுமார் 115 பேர். பெண்களும் சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். செய்தி பரவியதும் மாவட்டத்தின் முஸ்லிம் மக்கள் உணவும் உடையும் சேர்த்தார்கள். தம்பலகாமத்தில் நாங்களும் முடிந்ததைச் சேர்த்து அனுப்பினோம்.

சில வாரங்களுக்குப் பின் வரலாற்றுப் பாடவேளையில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அவங்க முஸ்லிம் ஆக்கள் இல்லாட்டி நாம சாப்பாடு குடுத்திருப்பமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

அந்த அகதிகளுக்குப் பிறகு நடந்ததை நாம் அறிவோம். 12 பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். மற்ற 103 பேரும் சில நாட்களில் முல்லைத்தீவு, கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்கே முதலில் உள்ளே செல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஆட்கடத்தல் என்றும், திருப்பி அனுப்புவது என்றும் அரச தரப்பில் பேசப்பட்டது.

இதில் தனிப்பட்ட அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் கடவுச்சீட்டையும் விசாவையும்தான் கேட்கிறது. உயிர் தப்பி வந்தவனுக்கு அதில் இடமில்லை.

கடல் கடந்து வருபவர்களை இந்த நாடு முன்பும் ஒரு வாசலில் நிறுத்திப் பார்த்திருக்கிறது. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் பாதை திறந்தது. அதன் பின்னர் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது அன்றைய இலங்கை அரசாங்கம். அம்மை ஊசி போட்டு, சில நாள் வைத்து, நோய் இல்லை என்று கண்ட பின்பே கப்பலேற்றினார்கள். அவர்களின் உழைப்பு தேவைப்பட்டதால் வாசல் திறந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா திரும்பிய குடும்பங்கள் பல, பாட்டன் பூட்டன் வந்த அதே மண்டபத்தில் போய் இறங்கின. 1983க்குப் பின் அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் நம் நாட்டின் போர் அகதிகள். 2006இல் திருகோணமலையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் மன்னார் வழியாக அங்கே போயின.

ரோஹிங்யாக்களின் கதையும் வேறல்ல. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அங்குள்ள முகாம்களில் வாழ முடியாதவர்களே மீண்டும் படகேறுகிறார்கள்.

நாமும் ஓடியவர்கள்தான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கையில் பிள்ளைகளோடு கந்தளாய்க்கு வந்து பாடசாலைகளில் தங்கியதை எங்கள் பகுதியில் எவரும் மறக்கவில்லை.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து அகதிகள் விரட்டப்பட்டார்கள். பாகிஸ்தானிலிருந்து வந்திருந்த அஹ்மதிகளும் கிறிஸ்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்காக எங்கள் ஊரில் யாரும் உணவு சேர்த்ததாக எனக்கு நினைவில்லை. நானும் சேர்க்கவில்லை. நாமே அச்சத்தில் இருந்த காலம் அது என்பது உண்மை. ஆனால் அது முழுப் பதிலாகாது.

அந்த ரோஹிங்யாப் படகை முதலில் கண்டு உதவியவர்கள் முல்லைத்தீவின் தமிழ் மீனவர்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்த கரை அது. வந்தவர்கள் எந்த மதம் என்று பார்த்து அவர்கள் உதவவில்லை.

ஆகவே நமது அரசியல்வாதிகளும் சிவில் அமைப்புகளும் "ரோஹிங்யா முஸ்லிம்களைக் காப்பாற்றுங்கள்" என்று அறிக்கை விடுவதோடு நின்றுவிடக் கூடாது. எவர் வந்தாலும் பொருந்தும் அகதிகள் சட்டம் ஒன்றைக் கேட்க வேண்டும். இறங்குதுறையிலேயே ஐ.நா. அகதிகள் முகவரகமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் அவர்களைச் சந்திக்க வழி வேண்டும். பிள்ளைகளைப் படை முகாமில் வைக்கக் கூடாது. சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் 1994இலேயே இணைந்த நாடு இது.

அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப 2019இல நாம செஞ்சது பிழையா சேர்?" என்று கேட்டான். "ஆம், பிழைதான்" என்றேன். அடுத்த படகு வரும்போது அவன் பெரியவனாகியிருப்பான். அப்போது அவனுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்க வேண்டும்.