தாய்லாந்து மீன் வடை

வீட்டில் விருந்தென்றால் வந்தவர்களெல்லாம் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அழைத்தவள் மட்டும் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் குறை தீர ஒரு பலகாரம் சொல்கிறேன், கேளுங்கள். பாங்காக் தெருக்கடைகளில் சுடச்சுட விற்கும் 'தோட் மன் பிளா'தான் அது. நாம் மீன் வடை என்று வைத்துக்கொள்வோமே!

தேவையான சாமான்கள்: முள்ளும் தோலும் நீக்கிய வஞ்சிரம் மீன் 500 கிராம், காய்ந்த மிளகாய் 6, சின்ன வெங்காயம் 5, பூண்டு 4 பல், எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு 1, முட்டை 1, பொடியாக அரிந்த காராமணிக்காய் ஒரு கைப்பிடி, உப்பு, சர்க்கரை வகைக்கு 1 தேக்கரண்டி, பொரிக்க எண்ணெய்.

செய்முறை: மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப் புல்லுடன் மையாக அரையுங்கள். மீனைப் பொடியாகக் கொத்தி, உப்புப் போட்டு, கையில் பசைபோல் ஒட்டும் பதம் வரும்வரை பிசையுங்கள். சூட்சுமமே இதில்தான்! முதல் தடவை அவசரத்தில் இதைக் குறைத்துவிட்டு, எண்ணெயில் உதிர்ந்த தூளை நான் கரண்டியால் அள்ளினேன்; கூடத்தில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள்.

பிறகு அரைத்த விழுது, முட்டை, சர்க்கரை, காராமணிக்காய் எல்லாம் சேருங்கள். அந்த ஊரில் ஒருவகை எலுமிச்சை இலையை அரிந்து போடுவார்கள். நமக்கு நரம்பெடுத்த நாரத்தை இலை 2 போதும். ஈரக் கையால் மெல்லிய வட்டங்களாகத் தட்டி, காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். விருந்தாளிகள் வந்ததும் மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கலாம்.

தொட்டுக்கொள்ள: வினிகரும் சர்க்கரையும் சம அளவு எடுத்து, சிட்டிகை உப்புடன் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து அதில் போடுங்கள்.

பொரித்த தட்டுடன் நீங்களும் கூடத்துக்கு வந்து உட்காருங்கள். விருந்து உங்களுக்கும் சேர்த்துத்தானே!