குழாய் உறையும் காலம்

மார்கழி மாதம் பிறந்ததும் சென்னைவாசிகள் கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துணியும் தரித்துக் கொண்டு, "அப்பப்பா! என்ன குளிர்! என்ன குளிர்!" என்று ஒருவருக்கொருவர் அனுதாபம் தெரிவித்துக் கொள்வது வருஷந்தோறும் நடைபெறும் வைபவம். அதை நாம் பரிகசிக்கப் போவதில்லை. பழக்கமில்லாத உடம்புக்கு எந்தக் குளிரும் குளிர்தான். ஆனால் அதே மார்கழியில் நமது தேசத்தின் வடகோடியில் உள்ள ஜனங்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

"குமரி முதல் காஷ்மீரம் வரையில்" என்று மேடைதோறும் முழங்குகிறோம். காஷ்மீரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் குங்குமப்பூ, ஆப்பிள் பழம், சால்வை, ஏரியில் மிதக்கும் படகு வீடு, இவ்வளவுதான். அங்கே தை மாதத்தில் ஒரு குடும்ப ஸ்திரீ விடியற்காலையில் எழுந்து, உப்புப் போட்ட தேநீர் காய்ச்சுவதற்கு வேண்டிய இரண்டு செம்பு ஜலத்தை எப்படிச் சம்பாதிக்கிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காஷ்மீரிகள் தங்கள் குளிர்காலத்தைக் கணக்காகப் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ந் தேதி தொடங்கி ஏறக்குறைய ஜனவரி முடியும் வரையில் உள்ள நாற்பது நாளைக்கு 'சில்லை கலான்', அதாவது பெரிய குளிர் என்று பெயர். அதற்குப் பின் இருபது நாள் 'சில்லை குர்த்' என்னும் சின்னக் குளிர். அப்புறம் பத்து நாள் 'சில்லை பச்சா' என்னும் குழந்தைக் குளிர். இந்த எழுபது நாளில் மூத்தவருடைய ஆட்சிதான் மிகவும் கடுமையானது. 2024-ம் வருஷம் அவர் விஜயம் செய்த டிசம்பர் 21-ந் தேதி அதிகாலையில் ஸ்ரீநகரில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 8.5 டிகிரி காட்டிற்று. அரை நூற்றாண்டுக் காலத்தில் டிசம்பர் மாதத்து இரவு ஒன்று அவ்வளவு குளிர்ந்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இத்தகைய குளிரை எதிர்த்து நிற்பதற்குக் காஷ்மீரத்து இல்லங்கள் பல தலைமுறைகளாக ஆயத்தம் செய்து வந்திருக்கின்றன. கோடையிலேயே கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி முதலியவற்றை அரிந்து வெயிலில் உலர்த்திச் சரமாகக் கோத்து வைத்துக் கொள்கிறார்கள். பனி பெய்து மலைப்பாதை அடைபட்டால் அந்த வற்றல்தான் கறிக்கு ஆதாரம். நமது பாட்டிமார்கள் சித்திரை வெயிலில் வற்றல் போடும் சாஸ்திரம் அந்தப் பாட்டிமார்களுக்கும் நன்றாகத் தெரியும்! உடம்புக்கு 'ஃபேரன்' என்னும் தொளதொளத்த நீண்ட கம்பளி அங்கி. அந்த அங்கிக்குள்ளே 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டி. மண் சட்டியைச் சுற்றி மிலார்க் கூடை பின்னி, சட்டிக்குள் கரி நெருப்பை இட்டுச் சாம்பலால் மூடி, கையோடு எடுத்துக் கொண்டு நடமாடுகிறார்கள். வசதியுள்ள வீடுகளில் 'ஹமாம்' என்று ஓர் அறை உண்டு. அதன் கல் தளத்துக்குக் கீழே விறகு எரிப்பார்கள். தளம் முழுவதும் இதமாகச் சூடேறி நிற்கும். அங்கே பதித்த செப்புப் பாத்திரத்தில் வெந்நீரும் கிடைக்கும்.

இவையெல்லாம் பழைய ஏற்பாடுகள். குழாய் என்பதோ புதிய ஏற்பாடு. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நடந்த காலத்தில் இல்லாத ஒரு தொல்லை குழாயுடன் கூடவே வந்து சேர்ந்தது. வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி ஏறும் இரும்புக் குழாய் இரவில் உறைந்து போகிறது. காலையில் தெருத் தெருவாகக் காகிதத்தையும் வைக்கோலையும் கொளுத்திக் குழாயின் கீழே பிடித்துக் கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். இது மிகவும் அபாயமான வழி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் குழாய் ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம்.

உலகத்தில் அநேகமாக எல்லாப் பொருள்களும் குளிரக் குளிரச் சுருங்குகின்றன. ஜலமும் 4 டிகிரி வரையில் அப்படியே நல்ல பிள்ளையாகச் சுருங்கிக் கொண்டு வருகிறது. அதற்குக் கீழே போனதும் திடீரென்று மனம் மாறி விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாக மாறும்போது அதன் பருமன் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு அதிகமாகிறது. பனிக்கட்டி மிதப்பதும், ஏரி மேலே உறைந்து அடியிலே திரவமாக இருப்பதும், அந்த அடிநீரிலே மீன்கள் பிழைத்திருப்பதும் இந்தக் குணத்தினால்தான். மீனுக்கு உயிர் கொடுத்த இதே குணம் குழாய்க்கு யமனாக முடிகிறது!

பனிக்கட்டி உள்ளிருந்து நெருக்குவதால் அந்த இடத்திலேயே குழாய் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் நடுவில் உண்டான பனிக்கட்டி ஓர் அடைப்பானைப் போல் வளர்கிறது. அதற்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் இடையில் அகப்பட்டுக் கொண்ட ஜலம் போக வழியில்லாமல் தவிக்கிறது. அதன் அழுத்தம் ஏறிக் கொண்டே போய், எங்கே பலவீனமோ அங்கே குழாய் கிழிகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வைத்தியம் தெரிந்தாற்போல. கடுங்குளிர் இரவில் குழாய் வாயை இலேசாகத் திறந்து, நூல் பிடித்தாற்போல் ஜலம் கசிய விட்டு வைப்பதன் இரகசியம் இதுதான். ஓடும் ஜலம் உறையத் தாமதமாகும். அப்படியே உறைந்தாலும் அழுத்தம் வெளியேற ஒரு வாசல் இருக்கும்.

வீட்டைப் பூட்டிக் கொண்டு வெளியூர் போகிறவர்களுக்கு இது போதாது. பிரதான வால்வை மூடிவிட்டு, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து, உள்ளே நிற்கும் ஜலம் முழுவதையும் வடித்துவிட வேண்டும். ஜலமில்லாத குழாயில் உறைவதற்கு என்ன இருக்கிறது? ஆகையால் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்கூட, குளிர்காலத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் கூடத்தில் வெள்ளம் பாயும்போது அதைத் தேடிக் கொண்டிருப்பது உசிதமல்ல.

குழாய்க்குச் சட்டை போடுவதும் அவசியம். பழங்கம்பளி, கோணிச் சாக்கு, வைக்கோல் எது கிடைத்தாலும் சுற்றிக் கட்டி, மேலே நனையாதபடி ஒரு மெழுகுசீலையோ பிளாஸ்டிக் உறையோ போட வேண்டும். ஈரமான சாக்கு குளிரைத் தடுக்காது. இன்னொன்றையும் மறக்கலாகாது. சட்டை சூட்டைக் காப்பாற்றுமே தவிர, சூட்டை உண்டாக்காது. பல நாள் தொடர்ந்து உறைபனி நிலவினால் சட்டை போட்ட குழாயும் உறையும். ஆதலால் இரவில் படுக்கப் போகுமுன் மறுநாள் காலைக்கு வேண்டிய ஜலத்தைப் பாத்திரங்களில் பிடித்து அடுப்பங்கரைக்குள் வைத்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம். விளிம்பு வரையில் நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் பாத்திரம் காலையில் கீறலோடு காட்சியளிக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு குழாய் உறைந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் குழாய் வாயைத் திறந்து வையுங்கள். பிறகு வாயின் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிச் சிறிது சிறிதாகச் சூடு காட்டிக் கொண்டு போக வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தலைமயிர் உலர்த்தும் மின்சாரக் கருவியும் உதவும். ஆனால் அருகில் ஈரம் இருக்கக் கூடாது. நடுவிலே சூடேற்றினால் உருகிய ஜலம் இரு புறமும் பனிக்கட்டிக்கு இடையில் சிக்கிக் கொள்ளும். தீயினால் சுட்டாலோ அது ஆவியாகிக் குழாயையே வெடிக்கச் செய்யும். பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். சுவரிலுள்ள மரச் சட்டங்களில் நெருப்புப் பற்றினால், குழாய்க்காக வீட்டையே தத்தம் செய்ததாக முடியும். கொதிக்கும் ஜலத்தைத் திடீரென்று கொட்டுவதும் தவறு. குழாயில் ஜலம் வருவது நிச்சயமாகும் வரையில் வெந்நீர்க் கருவியையும் முடுக்கலாகாது.

மற்றொரு முக்கியமான விஷயம். குழாய் வெடித்தது பெரும்பாலும் உறைந்திருக்கும்போது தெரியாது. பனிக்கட்டி உருகின பிறகுதான் வெள்ளம் வெளிப்படும். ஆகவே, உருகும் சமயத்தில் யாராவது ஒருவர் வால்வின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

குழாய் போனால் கொத்தனாரும் குழாய்க்காரரும் வந்து சரிப்படுத்திவிடுவார்கள். சரிப்படுத்த முடியாத ஒரு நஷ்டம் உண்டு. அதைப் பற்றிச் சொல்வதற்காகவே இந்த வாரம் இவ்வளவு தூரம் எழுதத் துணிந்தோம். குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல், துவாரம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே கரி நெருப்பு வைத்துக் கொண்டு உறங்கும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் குளிரைக் காட்டிலும் கொடிய சத்துரு. போதிய காற்றில்லாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. பிராண வாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இரத்தத்தைப் பற்றிக் கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவைதான் அது தரும் எச்சரிக்கை. உறங்குகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் மூன்று குழந்தைகள் உள்பட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் மூச்சுத் திணறி மாண்டார்கள். குளிரைப் போக்கிக் கொள்ள முயன்றதைத் தவிர அவர்கள் வேறு என்ன குற்றம் செய்தார்கள்?

படுக்கப் போகுமுன் கணப்பை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். புகைபோக்கி இல்லாத அடுப்பு எரியும் அறையில் எப்போதும் காற்று வருவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் வைத்த எரிவாயு வெந்நீர்க் கருவிக்கும் இதே விதி. குளிர்காலத்தில் ஊட்டி, கொடைக்கானல் போகும் நம்மவர்களும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கொண்டு தூங்கலாகாது என்பதை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும்.

இந்தத் துன்பம் ஏழை நாட்டுக்கு மட்டும் உரியது என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தைப் பெருங்குளிர் தாக்கிற்று. வெயிலுக்கென்றே கட்டப்பட்ட வீடுகள். கூரைக்கடியிலும் வெளிச்சுவரிலும் ஓடிய குழாய்கள். 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் நின்றது. எண்ணிறந்த வீடுகளில் குழாய்கள் வெடித்தன. மாகாண சர்க்கார் கணக்கின்படி 246 பேர் இறந்தனர். அவர்களில் 19 பேரைக் கொன்றது மேற்சொன்ன விஷவாயுவேயாகும். மின்சார நிலையங்களும் அவற்றுக்கு எரிவாயு கொண்டு வரும் வசதிகளும் குளிரைத் தாங்கும்படி அமைக்கப்படவில்லை. செல்வம் இருந்தும் முன்யோசனை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இது சாட்சி.

இதற்கு மாறாக லடாக்கைப் பாருங்கள். அங்குள்ள பழைய வீடுகளில் மலங்கழிக்கும் இடத்துக்கு ஜலமே வேண்டியதில்லை. மண்ணும் சாம்பலும் இட்டு மூடி வைத்து, வசந்த காலத்தில் வயலுக்கு எருவாக்குகிறார்கள். உறைவதற்குக் குழாயே இல்லாத ஏற்பாடு! அதை அநாகரிகம் என்று எண்ணி, குழாயும் தொட்டியுமாகப் புதிய விடுதிகளைக் கட்டியவர்கள் குளிர்காலத்தில் திண்டாடுகிறார்கள். முன்னோர் செய்ததெல்லாம் சரி என்று நாம் சாதிக்கவில்லை. புதியதைக் கொண்டு வரும்போது அந்தந்தப் பூமிக்கு ஏற்றபடி கொண்டு வர வேண்டும் என்றே சொல்கிறோம்.

மண்ணுக்குள்ளும் உறைபனி ஓரளவு ஆழம் வரையில்தான் இறங்கும். அந்த எல்லைக்குக் கீழே பதித்த குழாய் உறைவதில்லை. இது பொறியியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆழமாகத் தோண்டினால் செலவு அதிகம்; மேலாகப் பதித்தால் கணக்குச் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலையை வருஷந்தோறும் செலுத்துகிறவர்கள் யார்? விடியலில் வாளியுடன் பனியில் நடக்கும் பெண்களே. குளிர்காலத்தில் நதிகள் சுருங்கி நீர்மின்சார உற்பத்தி குறைவதும், அதே சமயத்தில் மின்சாரத் தேவை ஏறுவதும் காஷ்மீரத்தின் துர்ப்பாக்கியம். ஆகையால் மின்சாரத்தை மட்டும் நம்பிக் குழாய்க்குச் சூடேற்றலாம் என்பதும் நடவாது. ஆழமாகப் பதித்த குழாய், அடக்கமான உறை, எளிதில் எட்டும் வால்வு, புகை போக வழி, இந்த நான்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும்படி செய்வது ஆட்சியாளரின் கடமை.

காஷ்மீரம் நம்முடையது என்று சொல்லுவது எளிது. அங்கே உறைந்து போன குழாயும் நம்முடையது என்று நினைக்கத் தொடங்கினால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டாகும். வடக்கே உத்தியோகத்திலும் படிப்பிலும் பட்டாளத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களுக்குக் கடிதம் எழுதும்போது, "கம்பளி போட்டுக் கொள்" என்பதோடு, "அறையில் கணப்பை வைத்துக் கொண்டு தூங்காதே" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள்.