மத்தில்லாத தாழி

பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும் வரை ஓயாது கூறும் சொல் ஒன்று உண்டு. "தொடாதே!" என்பதே அது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் வாளையும் நாணயத்தையும் பத்து நிமிடம் பார்த்த பின்னர், சிற்றுண்டிச்சாலை எங்கே என்று பிள்ளை கேட்கத் தொடங்கிவிடும். அதற்காகப் பிள்ளையைக் குறை கூறுதல் தகாது.

நூதனசாலையை வேறு விதமாகவும் அமைக்கலாம் என்று காட்டியவர் சுவீடன் நாட்டினரான ஆர்தர் ஹசேலியஸ். 1891ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி நூதனசாலையை அவர் நிறுவினார். நாட்டின் பல பாகங்களிலும் நின்ற பழைய வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் பொருத்தி, அக்காலத்து உடை அணிந்தோரை அங்கே நடமாடச் செய்தார். பின்னர் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின.

கனடாவில் உள்ள எம் தமக்கையாரிடம் சென்றிருந்தபோது, அத்தகைய கிராமம் ஒன்றை நாம் கண்டோம். ரொறன்ரோ மாநகரின் வடமேற்குப் பகுதியில், பிளாக் கிரீக் என்னும் ஓடையை அடுத்து, 1960ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அது. தமக்கையாரும் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் எம்முடன் வந்தனர். மூத்தவனுக்கு வயது பத்து, சிறியவளுக்கு ஆறு. வீட்டிலே அப்பம்மாவுக்கும் அவர்களுக்கும் இடையே "சாப்பிட்டாயா?", "ஓம்" என்பவற்றுக்கு மேல் பேச்சு வளர்வதில்லை. பிள்ளைகளின் தமிழ் அவ்வளவே. அப்பம்மாவின் ஆங்கிலமும் அவ்வளவே.

தானியேல் ஸ்ரோங் என்பவரும் அவருடைய மனைவி எலிசபெத்தும் 1816இல் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய குடிலை முதலிற் பார்த்தோம். 1832இல் அவர்கள் கட்டிய பெரிய வீடும் அங்கேயே உண்டு. குடிலினுள் நீண்ட பாவாடையும் தலைத்துணியும் அணிந்த பெண்ணொருத்தி, உயர்ந்த மரத்தாழி ஒன்றிற் பாலாடையை இட்டு, நெடுங்கோல் ஒன்றால் மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் குத்திப் பார்த்தனர். தமக்கையார் சற்று நேரம் பார்த்து நின்றார். பின்பு, "இதென்ன, உரலில் நெல்லுக் குத்துகிற மாதிரி! மத்து இல்லையோ?" என்றார்.

மத்து என்றால் என்ன என்று பேரன் கேட்டான். அவர் ஒரு கையில் இல்லாத கயிற்றை இழுத்து, மறு கையால் விட்டு, மீண்டும் இழுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கும் அது விளங்கிவிட்டது. கோலை அவரிடமே கொடுத்தாள். வெண்ணெய் திரளும் வரை தமக்கையார் அவ்விடம் விட்டு அகலவில்லை. சிறியவள் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

பிள்ளைகளுடன் செல்வோர், அங்குள்ள கட்டிடங்கள் அனைத்தையும் ஒரே நாளிற் பார்த்துவிட முயலாதிருத்தல் நலம். நாம் பார்த்தவை நான்கைந்தே. 1842இல் எழுந்த ரொப்ளின் ஆலை அவற்றுள் ஒன்று. அமிலியஸ்பேர்க் என்னும் ஊரில் நின்ற அது, நீர்ச்சக்கரத்தின் வலுவால் கல்லின் மேற் கல்லைச் சுழற்றிக் கோதுமையை மாவாக்கியது. நம் திரிகைதான், கைக்குப் பதிலாகத் தண்ணீர்.

ஒன்று மட்டும் எமக்கு உறுத்தியது. கிராமம் மிகவும் துப்புரவாக இருக்கிறது. அக்காலத்து நோயும் பிள்ளைச் சாவும் வெள்ளைத் திரைச்சீலைகளுக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன. அதே ஓடைக்கரையில், குடியேறிகளுக்கு முன்னர் வாழ்ந்த முதற்குடிகளின் பேரூர் ஒன்றை 1950களில் அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அவர்கள் எங்கே போனார்கள்?" என்று சிறியவள் கேட்டாள். அதற்குச் சுருக்கமான விடை எம்மிடம் இருக்கவில்லை.

இறுதியாக, 'பாதி வழி வீடு' எனப் பொருள்படும் பெயருடைய பழைய சத்திரத்துக்கு வந்தோம். 1840களின் பிற்பகுதியில் ஸ்காபரோவிலே, கிங்ஸ்ரன் வீதியோரம் கட்டப்பட்டது அது. குதிரை வண்டிப் பயணிகள் தங்கிச் சென்ற இடம். 1960களில் அதனை இங்கு கொண்டு வந்தனர். கிங்ஸ்ரன் வீதி என்றதும் பேரன் துள்ளினான். அவனுடைய பாடசாலைப் பேருந்து நாள்தோறும் அவ்வழியேதான் செல்கிறது.

"அப்பம்மா, உங்கட வீட்டையும் இப்படித் தூக்கிக்கொண்டு வரலாமோ?"

தமக்கையாரின் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990இல் அவர் அதை விட்டு வெளியேறினார். பல ஆண்டுகளின் பின் காணியைப் பார்க்கச் சென்றபோது, வீடிருந்த இடத்திற் பற்றையே மண்டிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு அதை அவர் என்றும் கூறியதில்லை. நாம் பேச்சை மாற்ற முற்பட்டோம். அவர் தடுத்துவிட்டார்.

"வீடு இல்லை, அப்பு. கிணறு இருக்குது."

கிணற்றை எவ்வாறு கொண்டு வருவது என்று, ஸ்காபரோ வந்து சேரும் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தனர். துலா என்பது யாது எனத் தமக்கையார் கையை உயர்த்திக் காட்டியபோது, பேருந்தில் முன்னிருக்கையில் இருந்தவரின் தொப்பி கீழே விழுந்தது. பேரன்தான் அதை எடுத்துக் கொடுத்தான்.