மரம் காப்பதும் தொழிலே

மரம் நடுவதை விழாவாகக் கொண்டாடும் நாம், மரம் காப்பதைத் தொழிலாக மதிக்கிறோமா? தமிழ்நாட்டின் காடு மற்றும் மரங்களின் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இலக்கு உயர்ந்தது, ஆயினும், நட்ட கன்று மரமாகும்வரையும் மரமான பின்னரும் அதனைப் பேணும் கைகள் எங்கே?

சுவாமிமலையை எண்ணிப் பார்ப்போம். அங்குப் படிமம் வார்க்கும் கலைஞர் மெழுகில் உருச்செய்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கிறார். தென்னையோலையை மடித்து அளவெடுக்கும் நுட்பம் பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. பயிலாத ஒருவரிடம் நாம் படிமத்தை ஒப்படைப்பதில்லை. ஆனால், மின்கம்பியைத் தொடும் வேம்பையோ புங்கையோ கழிக்க வேண்டுமெனில், அரிவாள் வைத்திருக்கும் எவரும் போதும் என்று எண்ணுகிறோம். உடைந்த படிமத்தை மீண்டும் வார்க்கலாம். ஐம்பதாண்டு மரத்தை வார்க்க இயலாது.

கிளை கழிப்பதற்கும் இலக்கணம் உண்டு. பெருங்கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், அது தன் எடையால் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். எனவே, முதலில் கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்து எடையைக் குறைக்க வேண்டும். பின்னரே எஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் புடைத்திருக்கும் பகுதி சிதையாமல் நீக்க வேண்டும். அப்பகுதியிலிருந்து வளரும் புதிய திசுவே காயத்தை மூடுகிறது. அது சிதைந்தால் பூஞ்சை புகும், உள்மரம் மட்கும், ஒருநாள் காற்றில் மரம் சாயும். அப்போது காற்றின்மேல் பழிபோடுவது நம் வழக்கம்.

காற்றின் வலிமையைக் காவிரிப் படுகை நன்கறியும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. விழுந்தவற்றை அறுத்து அகற்றுவதே பெரும்பாடாயிற்று. எந்த மரம் பிழைக்கும், எது ஆபத்தானது, எங்கு எதனை மறுபடியும் நடலாம் என்று கூறுவதற்குத் தேர்ந்தவர்கள் ஊர்தோறும் தேவைப்பட்டனர்.

அத்தகைய அறிவு என்ன செய்யும் என்பதற்கு அதே படுகையின் கடைமடையிலுள்ள முத்துப்பேட்டை சான்றாகும். அங்குள்ள அலையாத்திக் காடுகள் முற்காலத்தில் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டன. வெயில்பட்ட நிலம் தாழ்ந்தது, தேங்கிய நீர் வற்றி உப்பு மிகுந்தது, விதைகள் முளைக்கவில்லை. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களுடன் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதநீர் வந்துசென்று உப்பைக் கழுவியது. அதன்பின் நட்ட கன்றுகள் வேர்பிடித்தன. கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கு முன், செடி ஏன் மடிந்தது என்று ஆராய்ந்ததே அவ்வெற்றிக்குக் காரணம்.

“மரம் ஏறவும் வெட்டவும் கல்வி எதற்கு? செலவுதானே மிகும்?” எனச் சிலர் வினவலாம். தலைமுறைகளாக மரமேறுவோரின் பட்டறிவு பெரிது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுக்குப் பாதுகாப்புக் கயிறும் தலைக்கவசமும் சான்றிதழும் தகுந்த ஊதியமும் தருவதே நம் வேண்டுகோள். விழும் கிளையால் ஓர் உயிர் போகுமெனில், அதனினும் பெரிய செலவு உண்டோ?

கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டே வனக் கல்லூரி தோன்றியது. மேட்டுப்பாளையத்திலும் வனவியல் பட்டம் பயிலலாம். காட்டுக்கு வாய்த்த அக்கல்வி, தெருவுக்கும் தோப்புக்கும் ஆற்றங்கரைக்கும் வரவேண்டும். பொதுநிலத்து மரங்களை வெட்டுவது குறித்து முடிவெடுக்க 2021ஆம் ஆண்டு மாவட்டந்தோறும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பெற்றன. வெட்டலாமா என ஆராயக் குழு இருப்பதுபோல, வெட்டாமல் காக்கும் வழியறிந்த பணியாளரும் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இருத்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மரப் பராமரிப்பு ஒரு பாடப்பிரிவாக வேண்டும்.

சுவாமிமலைத் திருக்கோயிலின் தலமரம் நெல்லி. மரத்தை வழிபடும் மரபு நம்முடையது. வழிபாட்டோடு தொழிலறிவும் சேரும்போதுதான் நாம் நட்ட நிழல் அடுத்த தலைமுறையைச் சென்றடையும். மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களே, அந்த வரிசையில் இத்தொழிலுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.