‘கல்’ கல்லை ஆவதுபோல ‘பிக்’ பிக்கர் ஆகிறது

சிம்பாங் ரெங்கத்தில் நான் பார்க்கும் தொடக்கப்பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களில் ஒரு பிழை அடிக்கடி சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருக்கிறது. ‘பிக்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு ‘ஜி’ வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். “பத்து முறை எழுது” என்கிறோம், காரணத்தைச் சொல்வதில்லை.

காரணம் அந்தப் பிள்ளைக்குத் தமிழிலேயே தெரியும். ‘கல்’லுடன் ‘ஐ’ சேர்ந்தால் ‘கல்லை’. ‘பால்’ என்றால் ‘பாலை’. தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும். நெடிலை அடுத்தது இரட்டிக்காது. ஆங்கிலத்திலும், குறிலை அடுத்து ஒரே மெய்யில் முடியும் ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான். ‘பிக்’, ‘பிக்கர்’, ‘பிக்கஸ்ட்’ ஆகும்போது ‘ஜி’ இரட்டிக்கிறது. ‘கிளீன்’, ‘கிளீனர்’ ஆகும்போது ‘என்’ ஒன்றே. ‘ஹேப்பி’யின் கடைசி ‘ஒய்’, ‘ஹேப்பியர்’ என்னும்போது ‘ஐ’ ஆவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவர்களே, உங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கு இதை நீங்களே விளக்குங்கள். சிம்பாங் ரெங்கம் பெரியது, குளுவாங் அதைவிடப் பெரியது, ஜொகூர் பாரு மிகப் பெரியது என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது என்று பேசுவோர் இன்னும் உண்டு. தமிழ் இலக்கணத்தைக் கொண்டே ஆங்கில எழுத்தைத் திருத்திக்கொள்ளும் பிள்ளையே அவர்களுக்குத் தக்க பதில்.